துக்க வருஷத்தில் ஒரு வாக்கெடுப்பு

செலஸ்தீனின் கணவன் ஃபிர்மான் தலைநகர் நூமேயாவின் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். பெட்டியை ஆணியடித்து மூடித்தான் ஊருக்கு அனுப்பினார்கள். கொரோனா, பசிபிக் கடலில் பிரான்சின் ஆட்சியிலுள்ள நியூ கலிடோனியாத் தீவுக்குள் நுழைந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள் கிழக்குக் கரையின் பள்ளத்தாக்குகளில் திரும்பிய பக்கமெல்லாம் புது மண்மேடுகள்.

தீவின் பூர்வகுடிகளான கனாக் ஜனங்களுக்குப் பிள்ளையின் மூச்சு தாய்மாமன் கொடுத்தது. செத்தால் அந்த மூச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவன்தான் வர வேண்டும். ஃபிர்மானின் தாய்மாமன் திமோத்தேயால் வர முடியவில்லை. நோய் பரவாமலிருக்கச் சாலையை மறித்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார் கிழவர். துணி விரிக்கவில்லை, வள்ளிக்கிழங்கு குவிக்கவில்லை, இரண்டு குடும்பமும் எதிரெதிரே நின்று பேச வேண்டிய பேச்சைப் பேசவில்லை. முகம் தெரியாத நாலு பேர் தலை முதல் கால்வரை வெள்ளை உறை மாட்டிக்கொண்டு வந்து, குழியில் இறக்கிவிட்டுப் போனார்கள். செலஸ்தீன் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள் அவள். கூட்டம், கொடி, கோஷம் எல்லாம் ஃபிர்மானுடையவை. எண்பதுகளின் கலவரத்தில், மீசை முளைக்கும் வயசில், மரத்தை வெட்டிச் சாலையில் போட்டுக் காவல் இருந்தவன். அவன் அண்ணன் அந்தக் காலத்தில்தான் சுடப்பட்டுச் செத்தான். பிறகு ஒப்பந்தம் வந்தது. துப்பாக்கியால் கேட்டதை இனி வாக்குச்சீட்டால் கேட்பது என்று முடிவானது. பிரான்சை விட்டுத் தனிநாடாவதா வேண்டாமா என்று முதல் தடவை கேட்டபோது தோற்றார்கள். இரண்டாம் தடவையும் தோற்றார்கள், ஆனால் இடைவெளி சுருங்கியிருந்தது. “எட்டிப் பிடிக்கிற தூரம்தான் செலஸ். மூணாவது நம்மளோடது” என்று அன்று சாயங்காலம் ஃபிர்மான் மீன் சுட்டுத் தின்றபடி சொன்னான். மூன்றாவது ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் இடம் இருந்தது.

அந்த இரண்டு தடவையும் வாக்குச்சாவடி மேசையில் ‘ஆம்’ பக்கத்துக்காக செலஸ்தீன் உட்கார்ந்தாள். ‘வேண்டாம்’ பக்கத்துக்கு ஜினெத். ஐந்து தலைமுறையாக ஆற்றுக்கு அக்கரையில் மாடு வளர்க்கும் வெள்ளைக்காரக் குடும்பம் அவளுடையது. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒரு ஃபிளாஸ்க் காபியைப் பங்கிட்டுக்கொண்டு நாள் முழுக்க ஒருத்தியை ஒருத்தி சீண்டுவார்கள்.

“உங்க ஆளுங்க ஒரு கிழங்கு வெட்டணும்னாக்கூட ஊரைக் கூட்டிப் பேசுவீங்களேடி, நாடு நடத்த எப்ப நேரம் கிடைக்கும்?” என்பாள் ஜினெத்.

“நீங்க யாரையுமே கேக்காம எங்க மலையையே வெட்டி நிக்கல் எடுத்துட்டீங்க. அதுக்கு இது தேவலை” என்பாள் செலஸ்தீன். காபியை ஊற்றும்போதே சிரித்துக் கீழே சிந்துவார்கள்.

மூன்றாவது வாக்கெடுப்புக்குப் பாரிஸ் அரசாங்கம் டிசம்பரில் நாள் குறித்திருந்தது. சாவு வருவதற்கு முன்னால் குறித்த நாள். வந்த பிறகும் அது மாறவில்லை. எங்கள் வீடுகளில் துக்கம், ஒரு வருஷம் கழியட்டும் என்று கனாக் தலைவர்கள் கேட்டார்கள். தள்ளிப்போட்டால் நாடு அந்தரத்தில் தொங்கும் என்றது எதிர்ப்பக்கம். அப்படியானால் எங்கள் ஜனம் ஓட்டுப் போட வராது என்றார்கள் தலைவர்கள். வானொலியைத் திருப்பினாலே இந்தச் சண்டைதான்.

நவம்பரில் ஊராட்சி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். நூமேயாவிலிருந்து வந்த அதிகாரி, முகக்கவசம், கைகழுவும் மருந்து, வரிசையில் இடைவெளி என்று ஏற்பாடுகளை அடுக்கினார். ஜினெத் எழுந்தாள்.

“நான் ஒளிக்காம சொல்றேன். எத்தனை வருஷமா இந்தக் கேள்வி எங்க தலைமேல தொங்குது! வேலி போடறதா, மாட்டை வித்துட்டுக் கிளம்பறதான்னு எம் புருஷனுக்குத் தெரியல. எம் பையன் பாதி மூட்டை கட்டியே வச்சிருக்கான். ஆமா, இல்ல, ஏதோ ஒண்ணு சொல்லி முடிங்க. இங்கயேதான் நானும் சாகணும்னு நினைக்கிறேன்.”

பின்வரிசையிலிருந்து ஒருத்தன், “சாகறதுக்கு அவசரப்படாதீங்க மேடம், இங்க குழி வெட்டவே ஆளில்ல” என்றான். சிலர் சிரித்தார்கள். செலஸ்தீன் சிரிக்கவில்லை. எழுந்திருக்கலாமா என்று யோசித்துக்கொண்டே எழுந்துவிட்டாள்.

“ஐயா, நீங்க நாள் குறிச்சப்ப எங்க சாவைக் கேட்டுக் குறிக்கல. சரி. சாவும் உங்க நாளைக் கேட்டுட்டு வரல. எம் புருஷனைப் பொதைச்சவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. அவரோட மாமன் இன்னும் எங்க வாசலை மிதிக்கல. இந்த வீட்ல வந்து இப்ப ‘நாடு வேணுமா, வேண்டாமா’ன்னு கேக்கறீங்க. கேள்வி நல்ல கேள்விதான். அதுக்காகத்தான் அவர் உசுரோட இருந்தாரு. ஆனா சாவு வீட்ல யாராவது கல்யாணம் பேசுவாங்களா?”

அதிகாரி, “உங்கள் துக்கத்தை அரசு மதிக்கிறது” என்றார். செலஸ்தீன் உட்கார்ந்தாள். ஜினெத் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டம் முடிந்த வாரம் சாலையைத் திறந்தார்கள். திமோத்தே தாடி மண்டிய முகத்தோடு வந்தார். துக்கம் கழியும்வரை சவரம் கிடையாது. கல்லறையருகே வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பியவரிடம் செலஸ்தீன் மனசில் கிடந்ததைக் கேட்டாள்.

“மாமா, அவர் இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பாரு? ‘எது வந்தாலும் போய் ஓட்டுப் போடு’ன்னு சொல்லியிருப்பாரோ? எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல.”

கிழவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு எப்படிம்மா தெரியும்? காலைல ஒண்ணு பேசுவான், சாயங்காலம் வேற பேசுவான் அவன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். எம் மருமகனை இன்னும் நான் வழியனுப்பல. அதுக்கு முன்னாடி எந்தப் பெட்டியிலயும் எதையும் போட எனக்குக் கை வராது. நீ உன் மனசைப் பாத்துக்க.”

அவள் தன் மனசைப் பார்த்தாள். மேசையில் உட்கார முடியாது என்று ஊராட்சிக்குச் சொல்லி அனுப்பினாள். ஓட்டுப் போடவும் போகவில்லை. வாக்கெடுப்பு நடந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தாக்கு முழுக்கக் கதவடைத்துக் கிடந்தது. சாவடிக்குப் போகும் சாலையில் ஒரு நாய் படுத்திருந்தது. அதை எழுப்ப ஒரு வண்டியும் வரவில்லை. செலஸ்தீன் தோட்டத்தில் களை பிடுங்கினாள். ஒவ்வொரு செடியாகப் பிடுங்கும்போதும், தப்புப் பண்ணுகிறோமோ என்று இருந்தது.

மத்தியானம் நூமேயாவிலிருந்து மகள் மெலானி கூப்பிட்டாள். அவள் அதே ஆஸ்பத்திரியில் உதவிச் செவிலி. அப்பாவைக் கடைசியாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவள்.

“அம்மா, நான் போட்டுட்டு வந்துட்டேன்.”

செலஸ்தீன் மண் ஒட்டிய கையை உடையில் துடைத்துக்கொண்டாள்.

“திட்டணும்னா திட்டு. வரிசையில நம்ம ஜனம் ஒருத்தரும் இல்ல. எல்லாரும் என்னையே பாத்தாங்க. வீட்ல உக்காந்து தோக்கறதுக்குப் போட்டுத் தோக்கலாம்னு தோணுச்சு.”

“உங்கப்பா ஓட்டுன்னு நெனச்சுப் போட்டியா, உன்னோடதுன்னு போட்டியா?”

“என்னோடதுதாம்மா.”

“அப்பச் சரி. சாப்பிட்டியா?”

மெலானி போனிலேயே அழுதாள். இரண்டு பேருக்கும் இடையில் அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு ஜினெத்தின் வண்டி வாசலில் வந்து நின்றது. அவள் இறங்காமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். செலஸ்தீன்தான் போய்க் கதவைத் திறந்தாள்.

“யாருமே வரலைடி. உன் நாற்காலியை எடுக்கச் சொன்னாங்க, நான் எடுக்க விடல. சீட்டைக் கொட்டினா எல்லாம் ‘வேண்டாம்’. ஜெயிச்சுட்டோமாம். டவுன்ல ஹாரன் அடிச்சுட்டுப் போறாங்க.”

“யாரோட பந்தயம் ஓடி ஜெயிச்சீங்க?”

ஜினெத்துக்கு முகம் சிவந்தது. “நான் ‘வேண்டாம்’னுதான் போட்டேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதத்தான் போடுவேன். அதுல மாத்தமில்ல. ஆனா முடியணும்னு சொன்னது இப்படி முடியணும்னு இல்ல. இது முடிஞ்ச மாதிரியே இல்லைடி.”

“முடியல” என்றாள் செலஸ்தீன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். ஃபிர்மானின் சாவைப் பற்றி ஜினெத் அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று கேட்டாள். செலஸ்தீன் எல்லாவற்றையும் சொன்னாள்.

வருஷம் திரும்பியது. துக்கம் கழிக்கத் திமோத்தேயின் ஆட்கள் மலையிறங்கி வரிசையாக வந்தார்கள். துணி விரித்தார்கள், கிழங்கு குவித்தார்கள். ஃபிர்மானின் மூச்சை அவன் தாய்மாமன் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆண்கள் தாடியை மழித்தார்கள். செலஸ்தீன் கறுப்பு உடையைக் கழற்றிப் பூப்போட்ட கவுன் உடுத்தினாள். கூட்டத்தின் ஓரத்தில் ஜினெத் ஒரு துணியையும் புகையிலைப் பொட்டலத்தையும் கையில் வைத்துக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றாள். திமோத்தே அவளை முன்னால் அழைத்தார். தட்டுத்தடுமாறி அவள் சொன்ன இரண்டு வார்த்தையை ஏற்று, துணியைத் தொட்டு வாங்கினார்.

இலையில் பொதிந்து சுட்ட மீனும் சேம்பும் தின்னும்போதே பழைய சண்டை பந்தலுக்குள் மறுபடி கிளம்பிவிட்டது. அந்த மூன்றாவதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது, உடனே இன்னொன்று வைக்க வேண்டும் என்றார்கள் இளவட்டங்கள். இப்போது கேட்டால் நிரந்தரமாகத் தோற்போம், பிள்ளைகள் வளரட்டும் என்றார் ஒருவர். மூணு தடவை கேட்டாயிற்று, போதும் என்றாள் ஜினெத், வாயில் சேம்போடு.

“நீ என்னம்மா சொல்றே?” என்று மெலானி கேட்டாள்.

“இன்னொண்ணு வேணும்” என்றாள் செலஸ்தீன். “எப்பன்னு எனக்குத் தெரியல. ஆனா இந்தத் தடவை நாளை நம்ம எல்லாரும் சேந்து உக்காந்து குறிக்கணும். இவளும் இருக்கணும்.”

“நானா? ஒரு நாள் குறிக்க உங்க ஆளுங்க ஒரு வருஷம் பேசுவீங்களே!”

“பேசுவோம். நீயும் வந்து உக்காந்து பேசு” என்று சொல்லிவிட்டு, செலஸ்தீன் அவள் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.