தொழிற்சாலை வழியாக ஒரு சாமத்தியவீடு

ஆஹென் பல்கலைக்கழகத்தில் என்னோடு இயந்திரவியல் படிப்பவர்கள் என் காரைப் பார்த்துச் சிரிப்பார்கள். கார் செய்யவே படித்துக்கொண்டு, போயும் போயும் இதையா ஓட்டுகிறாய் என்பது அவர்களுடைய கேள்வி. சிரித்துவிட்டுப் போகட்டும். சிரிப்பவர்களில் பாதிப் பேர் மழை வந்தால் அதே காரில்தான் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். அந்தக் காரைக் குறை சொல்லும் உரிமை எங்கள் குடும்பத்தில் அப்பா ஒருவருக்குத்தான் உண்டு. அவரும் அதை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்வார்.

அப்பா அந்தக் காரைச் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஜெர்மனியின் ரூர் பகுதியில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. காரின் பெயர் ஜெர்மன் பெயர். முதலாளி மட்டும் அமெரிக்கன். ஒரு பெரிய அமெரிக்கக் கம்பனி எப்போதோ அந்த ஜெர்மன் கம்பனியை வாங்கிப் போட்டிருந்தது. அகதியாக வந்து உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அப்பாவை அங்கே வேலைக்கு எடுத்த நாளிலிருந்து, அந்தக் கம்பனி அவருக்குச் சொந்தக்காரர் வீடு போல ஆகிவிட்டது.

மற்றப் பிள்ளைகளுக்கு இரவில் நரிக் கதையும் காகக் கதையும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது அமெரிக்கக் கம்பனியின் வரலாறு. அதைத் தொடங்கியவர் குதிரை வண்டி செய்து விற்றவராம். காரைக் கண்ணிலும் காட்டக்கூடாதாம் அவருக்கு. சத்தம், நாற்றம் என்று திட்டுவாராம். பிறகு அதே மனிதர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது போலக் கார்க் கம்பனிகளைப் பொறுக்கி வாங்கினார். கை மிஞ்சிப் போனதும் வங்கிக்காரர்கள் அவரை அவருடைய கம்பனியிலிருந்தே வெளியே தள்ளினார்கள். அவர் அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. ஒரு கார்ப் பந்தய வீரனைச் சேர்த்துக்கொண்டு வேறொரு பெயரில் கார் செய்யத் தொடங்கி, அந்தப் புதிய கம்பனியின் பலத்தைக் கொண்டே பழைய கம்பனியைத் திரும்பப் பிடித்தார். இந்த இடம் வந்ததும் அப்பா எழும்பி உட்கார்ந்துவிடுவார். "வெளிய தள்ளினவங்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நிண்டாங்கள் பிள்ளை" என்று சொல்லி விளக்கை அணைப்பார்.

கதை எப்போதும் அங்கேயே முடிந்துவிடும். அந்த மனிதர் மறுபடியும் வெளியே தள்ளப்பட்டதையும், கடைசிக் காலத்தில் பந்து உருட்டி விளையாடும் கூடம் ஒன்றை நடத்தியதையும் நான் வளர்ந்தபிறகு நானாகத்தான் தேடித் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் கேட்டேன். அதெல்லாம் எனக்கும் தெரியும், கதைக்குத் தேவையில்லை என்றார்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அந்தத் தொழிற்சாலையை மூடப்போவதாக அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது. மூட விடமாட்டோம் என்று தொழிலாளர்கள் முதலாம் வாசலில் இரும்புப் பீப்பாயில் நெருப்பு மூட்டிக்கொண்டு முறை வைத்து நிற்கத் தொடங்கினார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அப்பா அங்கேதான் நின்றார். உடுப்பெல்லாம் புகை மணக்க வருவார். அம்மா அதைத் தனியாகத் தோய்ப்பார்.

நான் பெரியபிள்ளையானதும் அந்த வசந்தத்தில்தான். ஹனோவரில் புடவைக்கடை வைத்திருக்கும் மாமா, அம்மாவின் அண்ணன், செய்தி கேட்ட கையோடு வந்து இறங்கினார். எங்கள் ஆட்களிடம் பூப்பு விழாவான சாமத்தியவீடு என்றால் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். மண்டபம், மேடை, படம் பிடிப்பவர் என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். மண்டப வாசலில் நான் வந்து இறங்குவதற்கு நீளமான வெள்ளை லிமோசின் ஒன்றையும் வாடகைக்குப் பிடித்தார். என் கால் நிலத்தில் நிற்கவில்லை. அடுத்த நாளே வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

மாமாவிடம் ஒரு கட்டளையும் இருந்தது. வரப்போகிறவர்களில் பாதிப் பேர் அவருடைய கடைக்கு வருகிறவர்கள். அவர்கள் முன்னால் தொழிற்சாலை மூடப்படும் கதை வரவே கூடாது.

"மச்சான், கேட்டா கார்க் கொம்பனியில பெரிய வேலை எண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்த வாசல்லயும் போய் நிக்காதையுங்கோ. பேப்பர்க்காரன் படம் எடுத்துப் போட்டா எங்களுக்குத்தான் வெக்கம்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்த மேசையில் அவர் வாய் திறந்தது ஒரேயொரு விஷயத்துக்குத்தான். அந்த லிமோசின் அப்பாவின் கம்பனிக்குப் பரம எதிரியான இன்னொரு கம்பனியின் கார் என்றார். மாமாவுக்கு விளங்கவில்லை.

"அதுவும் அமெரிக்கன் கார்தானே மச்சான்?"

"எங்கட கொம்பனி இல்லை."

எங்கள் வீட்டில் நின்ற சின்னச் சிவப்புக் காரிலேயே பிள்ளை போகலாமே, அது என் கையால் பாகம் பூட்டின கார் என்று அப்பா இழுத்தார். நான் கரண்டியைப் போட்டுவிட்டு எழும்பினேன். அந்தத் தகர டப்பாவில் என்னால் ஏலாது என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பா முதலாம் வாசலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து, மாமா தந்த அழைப்பிதழ்களுக்கு உறை ஒட்டினார். உடுப்பில் புகை மணக்கவில்லை.

சாமத்தியவீட்டன்று காலையில் பான் நகரத்திலிருந்து வந்த அலங்கார அக்கா என் தலையில் இருந்த இடமெல்லாம் பூவையும் ஊசியையும் குத்தி, கழுத்துத் திரும்பாதபடி செய்துவிட்டார். லிமோசின் சொன்ன நேரத்துக்கு வந்தது. வந்தது என்ன, எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் கார் நிற்கும் ஒடுக்கமான தெரு. முடக்கில் திரும்பும்போது மூக்கு ஒரு பக்கக் காருக்கும் வால் குப்பைத் தொட்டிக்கும் நடுவில் அகப்பட்டு, முன்னுக்கும் இல்லை பின்னுக்கும் இல்லை என்று நின்றுவிட்டது. மறித்து நின்ற காருக்குச் சொந்தக்காரர் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லா மாடியிலும் ஆட்கள் கோப்பிக் கோப்பையோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாமா முன்னால் நின்று வா வா என்று கை காட்டினார், பின்னால் ஓடிப் போய் நில் நில் என்று கை காட்டினார். ஐயர் குறித்துத் தந்த நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

அம்மா என்னைச் சிவப்புக் காரில் ஏறச் சொன்னார். ஏலாது என்றேன். அம்மா ஒரு பார்வை பார்த்தார். ஏறினேன். லிமோசினை எப்படியாவது எடுத்துக்கொண்டு வருகிறேன், நேரே மண்டபத்துக்குப் போங்கள், நான் வரும்வரை பிள்ளையை இறக்க வேண்டாம் என்று மாமா யன்னல் வழியாகச் சொன்னார். தாய்மாமன் இல்லாமல் பெண் உள்ளே போக முடியாது.

அப்பா ஓட்டினார், அம்மா பக்கத்தில் இருந்தார். பின் இருக்கை முழுவதும் நானும் என் சேலையும். லிமோசின் கழன்று வருகிறதா என்று முழு உடம்பையும் திருப்பிப் பின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக முன்னால் திரும்பியபோது கார் மண்டபத்துப் பக்கம் போகவில்லை. தொழிற்சாலையின் நீண்ட மதிலோடு போய்க்கொண்டிருந்தது. "அப்பா, மண்டபம் மற்றப் பக்கம்!" என்று கத்தினேன். கார் மதிலோடு போய்க்கொண்டே இருந்தது. அப்பா வேண்டுமென்றே என்னைப் பழிவாங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

முதலாம் வாசலில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. "நாங்கள் போகமாட்டோம்" என்று ஜெர்மனில் எழுதிய பெரிய துணியைப் பிடித்தபடி கனபேர் நின்றார்கள். அப்பா காரை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அம்மாதான் முதலில் இறங்கினார். கூறைச் சேலையோடு காரைச் சுற்றி நடந்து போய் அப்பாவின் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். திட்டப் போகிறார் என்று சந்தோஷமாகக் காத்திருந்தேன். அம்மா திட்டவில்லை. அப்பா மெல்ல இறங்கினார்.

அப்பாவோடு ஒரே ஷிப்ட் முறையில் வேலை செய்யும் துருக்கிக்காரர் ஒருவர் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். இவ்வளவு நாளும் எங்கே போனாய் என்று எல்லோரும் கேட்டார்கள். அப்பா என்னைக் காட்டினார். இன்று என் மகளுடைய பெரிய நாள் என்று உடைந்த ஜெர்மனில் சொன்னார். தொழிற்சங்கத்து ஜெர்மன் பெண் ஒருவர் ஒலிபெருக்கியைத் தூக்கி, நம்முடைய தோழர் தன் மகளின் விழா நாளில் அவளை நம்மிடம் அழைத்து வந்திருக்கிறார் என்று அறிவித்தார். கைதட்டலும் விசிலும் தெருவை நிறைத்தன. இறங்கி நிற்க வேண்டியதாயிற்று. மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் நின்றேன். அவர்கள் எனக்கு வழிவிட்டு இரண்டு வரிசையாக நின்றபோது, உர்ரென்ற மூஞ்சி கொஞ்சம் கழன்றுவிட்டது.

அப்போதுதான், முடக்கிலிருந்து ஒருவழியாகக் கழன்ற லிமோசின் வந்தது. சிவப்புக் கார் மண்டபத்தில் இல்லையென்று தெரிந்ததும் மாமாவுக்கு வேறு எங்கே தேடுவது என்ற சந்தேகமே வந்திருக்காது. அந்தத் தொழிற்சாலையில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. வேறு கம்பனிக் கார் எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே நிற்க முடியாது. தூரத்தில் விட்டுவிட்டு நடந்துதான் வரவேண்டும். எதிரிக் கம்பனியின் காரை, அதுவும் இவ்வளவு நீளத்துக்குக் கண்டதும் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கை கோத்துக்கொண்டு தெருவை மறித்தார்கள். மாமா கூரைக் கண்ணாடியைத் திறந்து தலைப்பாகையோடு எழும்பித் தமிழில் பேசினார். நல்ல வார்த்தைகள் அல்ல. ஒன்றும் விளங்காததால் அவர்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

கடைசியில் மாமா இறங்கி நடந்துதான் வந்தார். இவர் யார் என்று கேட்டார்கள். என் மனைவியின் அண்ணன், இன்றைக்கு இவர்தான் முக்கியமான ஆள், இவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று அப்பா சொன்னார். அது சாமத்தியவீட்டைப் பற்றிய பேச்சு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முக்கியமான ஆள் என்றதும் துருக்கிக்காரர் மாமாவின் கையில் ஒரு கோப்பை சூப்பையும் துணியின் ஒரு நுனியையும் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். அந்தப் படம் வந்தது. தலைப்பாகையும் சந்தனப் பொட்டுமாக, நாங்கள் போகமாட்டோம் என்ற துணியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறவர் என் மாமாதான்.

லிமோசினைத் திருப்ப அங்கேயும் இடம் இல்லை. மாமா சிவப்புக் காரில் எனக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு ஏறினார். தலைப்பாகை கூரையில் இடித்ததால் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராக அப்பாவின் ஆட்கள் தங்கள் கார்களை எடுத்துக்கொண்டு ஹோர்ன் அடித்தபடி எங்கள் பின்னால் வந்தார்கள். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னவோ ஏதோ என்று வெளியே ஓடி வந்துவிட்டார்கள். அப்பா முன்னால் இறங்கி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொன்னார். யாரோ மாமாவிடம் இதெல்லாம் என்ன என்று கேட்டார்கள். மாமா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"மச்சான்ர ஃபக்டரி. மூடப் போறாங்களாம். விட ஏலாது!"

மூடினார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அப்பா போலக் கதை சொல்லுகிறேன் என்று ஆகிவிடும். அவ்வளவு பேர் அவ்வளவு காலம் நின்றும் மூடினார்கள். அப்பா இப்போது பஸ் ஓட்டுகிறார். பிறகு அந்த அமெரிக்கக் கம்பனி ஜெர்மன் கம்பனியையே விற்றுவிட்டு வந்த வழியே போய்விட்டது. செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது மாமாவும் எங்கள் வீட்டில் இருந்தார். அப்பா சிரித்தார். "பாத்தியளே மச்சான், போனது அவங்கள்தான். நாங்கள் இஞ்சதான் நிக்கிறம்" என்றார்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் அதை அப்பாவின் பிடிவாதக் கதையாகத்தான் சொன்னேன். போன கோடையில் ஆஹெனிலிருந்து ஒரு சிநேகிதியை வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவளுக்கும் சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லி, நல்ல நேரத்தையும் பார்க்காமல் அப்பா காரைத் திருப்பினார் பார் என்றேன். அப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினார். நான் எங்கே திருப்பினேன், மண்டபத்துக்குத்தான் சிக்னல் போட்டேன், கொம்மாதான் வளையத்தில் கை வைத்துத் திருப்பிவிட்டாள் என்றார்.

அம்மா என் சிநேகிதிக்குக் கறி போட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். இதையெல்லாம் கேட்கவும் வேண்டுமா என்பது போல என்னைப் பார்த்தார்.

"கொப்பா அண்டைக்குத் தலையைக் குனிஞ்சுகொண்டு மண்டபத்துக்குள்ள போயிருந்தா, நீ வாழ்நாள் முழுக்க அவரை அப்பிடித்தான் பாத்திருப்பாய்."

சொல்லிவிட்டுச் சோறு எடுக்க எழும்பிப் போனார். தன் அண்ணன் வைத்த சட்டத்தையும் ஐயர் குறித்த நேரத்தையும் அம்மா ஒரு கையால் திருப்பிவிட்டது எனக்காக. தலை நிமிர்ந்த ஒருவருடைய பிள்ளையாக நான் அந்த மண்டபத்துக்குள் போகவேண்டும் என்பதற்காக. அந்த நேரம் பின் இருக்கையில் இருந்த எனக்கு அம்மா மேல் ஒரேயொரு கோபம்தான் இருந்தது: அப்பாவை ஏன் இன்னும் திட்டாமல் இருக்கிறார் என்று.