மீரா சாகிபு வீட்டுக் குக்கர்

தங்கச்சிமடம் செபஸ்தியானுக்கு இரண்டு விஷயங்கள் அறவே ஆகாது. ஒன்று, டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது. அவர் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். கலப்படத்தின் வாசனையைக் கரையில் நின்றே கண்டுபிடித்து, படகுக்காரரை ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார். மற்றொன்று, ரேடியோவில் சாப்பாட்டுப் பேச்சு.

ரேடியோ என்றால் பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, மொட்டை மாடியில் செம்புக் கம்பி கட்டி, முகம் தெரியாத மனிதர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மொத்தம் பதினான்கு பேர். தினமும் காலை ஏழரை மணிக்கு ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். கூட்டத்தை நடத்துபவர் செபஸ்தியான். அவர் வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பதுபோல் ஒவ்வொருவரின் அழைப்புக் குறியையும் வாசிப்பார். கூப்பிடப்பட்டவர் தன் ஊரின் காற்று, வானிலை, சிக்னலின் தரம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் நிகழ்ச்சி நிரல்.

அந்த நிகழ்ச்சி நிரலைப் பன்னிரண்டு வருடமாகப் பாழாக்கிக்கொண்டிருந்தவர் கீழக்கரை மீரா சாகிபு.

"கீழக்கரையில காத்து தென்கிழக்கு, வானம் தெளிவு, கடல் அமைதி," என்று ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பார். மூச்சு விடாமல் அடுத்தது வரும். "எங்க வீட்ல இன்னைக்கு இடியப்பமும் கணவாக் குழம்பும். கணவா பிஞ்சு. தேங்காப்பால் கொஞ்சம் தூக்கல்."

"பாய், சாப்பாட்டுப் பேச்சு வேணாம். இது சர்க்கார் குடுத்த அலைவரிசை."

"சர்க்காரும் சாப்பிடத்தான செய்யுது, செபஸ்தி."

மற்றவர்கள் சிரிப்பது யாருக்கும் கேட்காது. பொத்தானை அழுத்தாதவன் சிரித்தால் அவன் வீட்டுச் சுவருக்குத்தான் கேட்கும். ஆனாலும் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள் என்பது செபஸ்தியானுக்குத் தெரியும். அதுதான் அவருக்குப் பெரிய எரிச்சல்.

மீரா சாகிபு இருபத்தொரு வயதில் ஷார்ஜாவுக்கு எலக்ட்ரீசியனாகப் போனவர். கேம்பில் பக்கத்துக் கட்டில்காரர் ஓர் எகிப்துக்காரர், அவருக்கு இந்தக் கிறுக்கு இருந்தது. தொற்றிக்கொண்டது. இருபத்து நான்கு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பியவர்கள் வீட்டுக்கு மாடி எடுப்பார்கள், மகளுக்கு நகை சேர்ப்பார்கள். மீரா சாகிபு அதையெல்லாம் முறையாகச் செய்துவிட்டு, மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றும் போட்டுவிட்டு, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். சென்னைக்குப் போய் பிஸ்கட் டின் அளவில் ஒரு பழைய ரேடியோ பெட்டியை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். "நாப்பத்தாறு வயசுல தொட்டில் புள்ளைய கொண்டாந்த மாதிரி கொண்டாந்தாக," என்று அவருடைய மனைவி தாஜுன்னிசா சொன்னதையும் மறுநாள் காலையில் அலைவரிசையில் அவரே ஒப்பித்தார்.

அவருக்குக் கிடைத்த அழைப்புக் குறியின் கடைசி மூன்று எழுத்துகள் கே, எம், எஸ். ரேடியோ பாஷையில் கிலோ, மைக், சியரா. கீழக்கரை மீரா சாகிபு என்று டெல்லிக்காரனுக்கே தெரிந்திருக்கிறது பார் என்று பெருமை அடித்துக்கொள்வார். அது வரிசைப்படி வந்த எழுத்து என்று செபஸ்தியான் எத்தனையோ தடவை விளக்கியும் அவர் காதில் ஏறவில்லை.

கம்பி கட்டியதிலும் ஒரு வேடிக்கை. தென்னை மரத்திலிருந்து புறப்பட்டு, பக்கத்து வீட்டுக் காதர் மைதீனின் மாடிக் கைப்பிடிச் சுவரில் முடிகிற கம்பி அது. வெள்ளிக்கிழமைதோறும் காதர் மைதீன் வீட்டில் துணி துவைப்பார்கள். கட்டியிருக்கிற கம்பியைச் சும்மா விடுவானேன் என்று ஈரக் கைலிகளை அதில் வரிசையாகப் போட்டுவிடுவார்கள். மீரா சாகிபின் குரல் அன்றைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வரும். "என்ன பாய், கைலி காயுதா?" என்று செபஸ்தியான் கேட்பார். அவருக்கும் நகைச்சுவை இல்லாமல் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை வரும்.

முதல் மூன்று வருடம் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஒருநாள் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டார்கள். மீரா சாகிபின் குரல் கனத்த குரல். ஆறடி உயரம், பெரிய மீசை என்று மனசுக்குள் ஓர் ஆளைச் செய்துவைத்துக்கொண்டு தேடினார் செபஸ்தியான். செபஸ்தியானின் குரல் கீச்சுக்குரல். ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவரைத் தேடினார் மீரா சாகிபு. தொப்பை சரிந்த செபஸ்தியானும் ஐந்தடி மீரா சாகிபும் ஒரே பெஞ்சில், ஒரே பொட்டலத்துக் கடலையைக் கூடப் பகிர்ந்துகொண்டு, முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் செபஸ்தியான் பொறுமை இழந்து, "நேரத்துக்கு வராத மனுசன்," என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, செபஸ்தியா நீ?"

இந்தக் கதையை மீரா சாகிபு வருடத்துக்கு நான்கு தடவை அலைவரிசையில் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கடலைப் பொட்டலம் கொஞ்சம் பெரிதாகும்.

ஆனால் செபஸ்தியான் மறக்காத கதை வேறு. ஒரு புயலுக்குப் பாம்பன் பாலத்தை மூடிவிட்டார்கள், தங்கச்சிமடம் இருக்கிற தீவில் செல்போன் டவர் எல்லாம் செத்துப் போயிற்று. மகள் ஆஸ்லின் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் படுத்திருக்கிறாள். செபஸ்தியான் பேட்டரியில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு, யார் எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். மீரா சாகிபு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் ராமநாதபுரம் போய், ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, திரும்பவும் கீழக்கரைக்கு வந்து, ஈரச் சட்டையோடு பொத்தானை அழுத்தினார்.

"செபஸ்தி, பொம்பளப் புள்ள. ரெண்டே முக்கால் கிலோ. ஆத்தாளும் மகளும் சுகம். மூக்கு மட்டும் ஒன் மூக்கு, பாவம்."

அப்படிப்பட்ட மனிதரிடம் தான் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ன என்பதுதான் செபஸ்தியானை இப்போது தூங்கவிடாமல் அடிக்கிறது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீரா சாகிபு வீட்டில் ஞாயிறு என்றால் ஆட்டுக்கால் பாயா. ஆட்டுக்கால் வேக இருபது விசில் வேண்டும். ரேடியோ பெட்டி இருப்பதோ அடுப்படிக்கு அடுத்த அறையில். அவர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் குக்கரும் சேர்ந்து கூவும். அன்றைக்கு செபஸ்தியானுக்கு நேரம் சரியில்லை. முதல் நாள் பிரித்து மாட்டிய இன்ஜின் நடுக்கடலில் இறுகிப்போய், படகுக்காரர் விடிகாலையிலேயே வாசலில் நின்று கத்திவிட்டுப் போயிருந்தார். காலையில் ஒரு வாய் டீகூட இறங்கவில்லை. மீரா சாகிபு பாயாவுக்கு மசாலா அரைக்கும் பக்குவத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, ஐந்தாவது விசில் வந்தது.

"பாய், மொதல்ல அந்தக் குக்கரை அணைச்சிட்டு வந்து பேசுங்க. இல்லன்னா பேசவே வேணாம்," என்றார் செபஸ்தியான்.

"சரிப்பா. அணைச்சிட்டு வாரேன்," என்றது அந்தக் கனத்த குரல்.

செபஸ்தியான் காத்திருக்கவில்லை. மிச்சப் பேரை வேகமாக வாசித்து, கூட்டத்தை முடித்து, பெட்டியை அணைத்துவிட்டார். அன்று மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுச் சற்றே சாய்ந்த மீரா சாகிபு, மாலை அஸர் தொழுகைக்கு எழுந்திருக்கவில்லை.

செபஸ்தியான் கீழக்கரைக்குப் போனார். பள்ளிவாசல் மையவாடியில் மற்றவர்களோடு நின்று அவரும் மூன்று பிடி மண் அள்ளிப் போட்டார். யாரிடம் மன்னிப்புக் கேட்பது? தாஜுன்னிசா, கணவனை இழந்தவர்கள் இருக்கிற இத்தாவில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாள், அந்நிய ஆண்கள் யாரும் பார்க்கவோ பேசவோ முடியாது. தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினார்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மறைந்தால் நாற்பது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய அழைப்புக் குறியை மூன்று முறை கூப்பிட வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பதில் வராது. அதன்பின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். கூப்பிட வேண்டியவர், கூட்டத்தை நடத்துபவர்.

செபஸ்தியானால் முடியவில்லை. நாற்பதாம் நாள் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அலைவரிசையில் இரைச்சல் அதிகம் என்றார். அடுத்த வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கடுத்த வாரம் மாதா கோயில் திருவிழா. இப்படியே இரண்டு மாதம், மூன்று மாதம். தினமும் பட்டியலை வாசிக்கும்போது கிலோ மைக் சியரா வருகிற இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். மனைவி மிக்கேலம்மாள்தான் ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னார்.

"ஊரெல்லாம் இன்ஜின் பிரிக்கிற மனுசன், ஒரு பேரைச் சொல்ல இந்தப் பயம் பயப்படுறீகளே."

"பேரைச் சொல்லப் பயமில்ல. பதில் வராதே, அதைக் கேக்கத்தான் பயமா இருக்கு," என்றார் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு சாக்குக் கிடைக்கவில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது, அலைவரிசை சுத்தமாக இருந்தது, தொண்டையும் நன்றாக இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். செபஸ்தியான் தண்ணீர் குடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

"கிலோ மைக் சியரா. தங்கச்சிமடம் கூப்பிடுது."

அரை நிமிடம். ஸ்ஸென்ற சத்தம் மட்டும்.

"கிலோ மைக் சியரா. தங்கச்சிமடம் கூப்பிடுது."

சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை கூப்பிடும்போது கீச்சுக்குரல் இன்னும் கீச்சென்று உடைந்தது. "கிலோ மைக் சியரா. பாய். தங்கச்சிமடம் கூப்பிடுது."

பத்து விநாடி போயிற்று. இருபது விநாடி போயிற்று. யாரோ பொத்தானை அழுத்திய சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல், நீளமாக ஒரு குக்கர் விசில்.

செபஸ்தியான் ரேடியோவின் ஒலியைக் கூட்டினார்.

"அண்ணே, நான் தாஜுன்னிசா பேசுறேன். கேக்குதா?"

"கேக்குதும்மா," என்றார் செபஸ்தியான்.

"இத்தா முடிஞ்சு மூணு நாள்தேன் ஆகுது. இல்லன்னா முன்னயே சொல்லிருப்பேன். தெனமும் ஏழரைக்குப் பொட்டிய போட்டுக் கேட்டுக்கிட்டுதேன் இருக்கேன். அவுக பேரு வர்ற எடத்துல நீங்க ஒரு மூச்சு நிறுத்துறீக. அன்னைக்கு அவுக குக்கரை அணைச்சிட்டு வந்து பாத்தாக. நீங்க கூட்டத்த முடிச்சிட்டீக. 'செபஸ்திக்குப் பசி போல, பசிச்சா அவனுக்குக் கோவம் வரும், நாளைக்கு பாயா ஆணத்தைப் பத்திச் சொல்லிக்கிறேன்'னு சிரிச்சாக. சிரிச்சுக்கிட்டேதேன் ஒக்காந்து ரெண்டு தட்டு சாப்பிட்டாக. ஒங்க மேல அவுகளுக்கு ஒண்ணுமில்லண்ணே. அதைச் சொல்லத்தேன் கூப்பிட்டேன்."

செபஸ்தியான் அழுதார். நல்ல வேளை, பொத்தானை அழுத்தவில்லை. அழுது முடித்ததும்தான் அவருக்குள் இருந்த கூட்டத் தலைவர் விழித்துக்கொண்டார். லைசென்ஸ் இல்லாதவர் ரேடியோவில் பேசுவது விதிப்படி குற்றம். பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் அபிராமம் முத்துராமலிங்கம், செபஸ்தியானுக்கே சட்டம் சொல்லிக் கொடுக்கிறவர். விதிப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற ஆள்.

முத்துராமலிங்கமே முதலில் வந்தார். "அபிராமத்துல இப்ப ஒரே இரைச்சல். அஞ்சு நிமிசமா ஒண்ணும் காதுல விழல."

அவர் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் துல்லியமாக இருந்தது.

"காரங்காட்டுலயும் அப்படித்தேன்," என்றார் ஜோஸ்வா. "நான் கேட்டதெல்லாம் ஒரு விசில். அதுவும் ரயிலா இருக்கும்."

காரங்காட்டுக்கு ரயிலே கிடையாது. ஒவ்வொருவராக வந்து, தங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்று பதிவு செய்துவிட்டுப் போனார்கள்.

மறுபடியும் பொத்தான் அழுந்தியது, மறுபடியும் விசில் கூவியது.

"அண்ணே, பரீட்சைக்கு எழுதிப் போட்டிருக்கேன். மதுரையில நடத்துறாகளாம். பன்னெண்டு வருசம் அடுப்படியில நின்னு பாடம் கேட்டவதேன், பாசாகிருவேன். அதுவரைக்கும் அவுக பேரைப் பட்டியல்ல இருந்து எடுக்காதீக. எடம் காலியா கெடக்க வேணாம். இருங்க, ஒரு நிமிசம்."

செபஸ்தியான் காத்திருந்தார். இந்தத் தடவை கூட்டத்தை முடிக்கவில்லை. யாரும் குறுக்கே பேசவுமில்லை.

"குக்கரை அணைச்சாச்சு," என்றது தாஜுன்னிசாவின் குரல். "இப்பப் பேசுங்க."

செபஸ்தியான் மூக்கைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

"தங்கச்சிமடத்துல காத்து வடகிழக்கு. வானம் தெளிவு, கடல் அமைதி," என்றார். பொத்தானை விடவில்லை. "எங்க வீட்ல இன்னைக்கு பாரை மீன் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல்."