மாமனாய் நின்றவர்

அன்று தவராஜா முதலில் கேட்டது, பல்கலைக்கழகத்தில் இப்போது என்ன படிக்கிறாய் என்றுதான். சாருஜா சுவிஸில், பாசல் நகரில் படித்துக்கொண்டிருந்தாள். வார இறுதியில் வீடு இருந்த பீலுக்கு வரும்போது, அம்மா ஜெயமலர் கட்டிக் கொடுக்கும் புட்டையும் கறியையும் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பாள். அநேகமாக வாசலோடு திரும்பிவிடுவாள். அன்று மழை பிடித்துக்கொண்டது. அவர் தேநீர் போட்டார், அவள் உள்ளே போய் இருந்தாள்.

நானூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவதாகச் சொன்னாள். பிள்ளை பிறந்தால், கலியாணம் நடந்தால், ஆள் செத்தால் அந்தச் சனம் என்னென்ன சடங்கு செய்தது என்பது பாடம். அதில் அவள் எடுத்துக்கொண்டது, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பாக நிற்கும் ஞானத்தகப்பன்மாரை. அது தனக்குத் தெரியுமே என்றார் அவர். தொழிற்சாலைக் கூட்டாளி மரியதாசின் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தேவாலயத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றிருக்கிறார்.

சொந்தத் தகப்பன் அதற்கு நிற்கக் கூடாது, வேறொருவர்தான் நிற்க வேண்டும் என்று அந்தக் காலத்துச் சபையில் சட்டம் இருந்தது என்றாள் சாருஜா. ஆங்கிலத்திலும் அதற்கு ‘நிற்பது’ என்றுதான் சொல் என்றதும் அவர் சீனிக் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வரமுடியாத ஆள் என்ன செய்வார் என்று கேட்டார். பெரிய இடத்து ஆட்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பி நிற்கவைப்பார்கள் என்று அவள் சொன்னாள்.

“அப்ப ஆர் ஞானத்தகப்பன்? நிண்டவரோ, அனுப்பினவரோ?”

“அனுப்பினவர்தான்.”

அவர் ஒரு மிடறு குடித்தார். “நல்லது. அப்ப என்ர தங்கச்சியின்ர பெட்டைக்கு நான்தான் மாமா. உனக்கு நான் இல்லை.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பேச்சைத் திருப்புவதற்காக, தெருவில் ஞானத்தகப்பனைக் கண்டால் பிள்ளைகள் கண்ட இடத்திலேயே முழந்தாளிட்டு ஆசி கேட்பார்களாம், காலப்போக்கில் அது விட்டுப்போய்விட்டதாம் என்றாள்.

“சேறெண்டாலுமோ?”

“தெரியேல்லை. அதை ஒருத்தரும் எழுதிவைக்கேல்லை.”

“பஸ் எண்டால் கஷ்டம்தான்,” என்றார் அவர்.

அவர் பஸ்ஸை ஏன் இழுத்தார் என்று சாருஜாவுக்கு விளங்கியது. தேநீரை முடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தவராஜா வடமராட்சியில் பிறந்தவர். அகதியாக வந்து, முதலில் உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு பீலில் கடிகாரக் கூடு மினுக்கும் தொழிற்சாலையில் சேர்ந்து, அங்கேயே நரைத்தவர். கலியாணம் செய்யவில்லை. அவருக்கென்று இருந்தது ஒரே தங்கை, தில்லைநாயகி. தங்கையின் மகள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானபோது அவருடைய விசா நாட்டைவிட்டு வெளியே போக விடாத விசா. தாய்மாமன் இல்லாமல் சடங்கு செய்ய முடியாது. பக்கத்து வளவுக்காரர் ஒருவரை அவருடைய இடத்தில் நிறுத்திச் செய்தார்கள். அந்த ஆள் நன்றாகத்தான் நின்றார் என்று தங்கை எழுதியிருந்தாள். பிறகு தங்கையின் குடும்பம் வன்னிக்கு இடம்பெயர்ந்தது. போர் முடிந்த வருடத்துக்குப் பிறகு அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை.

சாருஜா பெரியபிள்ளையானபோது இதே சிக்கல் ஜெயமலருக்கு வந்தது. ஜெயமலரின் தம்பி குலேந்திரன் டொரன்டோவில் அகதி வழக்கு முடியாமல் கிடந்தான். சாருஜாவின் அப்பாவும் தவராஜாவும் ஒரே தொழிற்சாலை. அப்பா போய்க் கேட்டபோது அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. மறுநாள் தானே வீட்டுக்கு வந்து, நிற்கிறேன் என்றார்.

தாய்மாமன் தேங்காய் உடைக்க வேண்டும், பாலில் தோய்த்த அறுகம்புல்லைப் பிள்ளையின் தலையில் வைக்க வேண்டும். தேங்காய் ஒரே அடியில் சரிபாதியாகப் பிளந்தால்தான் சபையில் மரியாதை. அதற்காக ஒரு பை தேங்காய் வாங்கிக்கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன்னுடைய கட்டடத்தின் நிலவறையில் பழகியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்தாலே முறைப்பாடு போகும் நாடு. மேல்வீட்டுச் சுவிஸ் மனுசி இறங்கி வந்து, கத்தியோடு நின்றவரையும் தரையில் ஓடிய தண்ணீரையும் பார்த்துவிட்டு வந்த வழியே ஏறிப் போனாராம். அந்த மாதம் முழுக்கத் தன்னைக் கண்டால் மனுசி லிப்டில் ஏறவில்லை என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

சடங்கன்று தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. ஆல்பத்தில் சாருஜாவின் தலைக்கு மேலே அறுகம்புல்லோடு ஒரு கை நிற்கிறது. படமெடுத்தவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எடுத்ததால், கைக்கு உரியவர் அநேகமான படங்களில் வெட்டுப்பட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வின்டர்தூரிலிருந்து ஒரு குடும்பம் கேட்டது, பேர்னிலிருந்து இன்னொன்று. மாமன் இல்லாத வீடுகள் நாடு முழுக்க இருந்தன. யார் கேட்டாலும் வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுவார். சனம் அவருக்கு ‘வாடகை மாமா’ என்று பெயர் வைத்தது. ஒரு மண்டபத்தில் அவர் காதுபடவே யாரோ அப்படிச் சொல்ல, “சுவிஸில வாடகை ஏறாத ஒரே சாமான் நான்தான்” என்று திருப்பிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாடு முடிந்ததும் யாராவது அவரை ஸ்டேசனில் இறக்கிவிடுவார்கள். பிறகு அந்த வீடுகளிலிருந்து தொலைபேசி வராது. எந்தப் பிள்ளை எந்த வகுப்பு, யார் கார் ஓடப் பழகிவிட்டாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. யாரிடம் கேட்டு அறிந்தார் என்பது தெரியாது.

பஸ் விஷயம் சடங்கு முடிந்த சில வாரத்தில் நடந்தது. பள்ளிக்கூடம் விட்டுத் தோழிகளோடு பஸ்ஸில் நின்ற சாருஜா, அவர் ஏறுவதைக் கண்டதும் “மாமா” என்று கூப்பிட்டாள். பீலில் பாதிப் பேருக்கு ஜெர்மன், பாதிப் பேருக்குப் பிரெஞ்சு. ஏறக்குறைய இரண்டிலும் அந்தச் சத்தம் அம்மாவைத்தான் குறிக்கும். மீசை வைத்த அம்மாவைப் பார்த்துப் பஸ்ஸின் பின்பாதி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். “இந்த ஊரில ரெண்டு பாஷையிலயும் நான் உனக்கு அம்மாதான்” என்றார். ஆனால் அவளுடைய முகம் சிவந்ததைக் கண்டுவிட்டார். அடுத்த தடவை பஸ்ஸில் கண்டபோது அவள் வாயைத் திறக்க முன்பே அவர் தலையை ஆட்டிவிட்டு முன்பக்கமாகப் போய் நின்றுகொண்டார். அப்படியே வழக்கமாகிவிட்டது. வருடங்கள் போகப் போக, அவருடைய வீட்டில்கூட அவள் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நீங்கள்’ என்று தொடங்குவாள், அவ்வளவுதான்.

இந்தக் கோடையில் அவருக்கு நெஞ்சில் நீர் கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மரியதாஸ்தான் எல்லா அலுவலையும் ஓடி ஓடிச் செய்தார். வெள்ளிக்கிழமை தகனம். கொள்ளி வைக்கக் கோவில் சங்கத்துப் பெடியன் ஒருவன் நின்றான். அவர் மாமனாக நின்ற பிள்ளைகளில் சாருஜா மட்டும் வந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தேர். சாருஜாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் பாற்செம்பு எடுப்பிப்பதாக அம்மா வைத்த நேர்த்திக்கடன் இந்த வருடம்தான் தீர இருந்தது. சனிக்கிழமை அம்மா செம்பை மினுக்கிக்கொண்டிருந்தபோது, தான் கோவிலுக்குள் வரமுடியாது, துடக்கு என்றாள் சாருஜா. தாய்மாமன் செத்தால் மருமக்களுக்குத் தகனத்திலிருந்து மூன்று நாள் துடக்கு, கோவில் வாசல் மிதிக்கக் கூடாத தீட்டு என்பது அம்மாவே சொல்லித் தந்தது.

“ஆருக்கு ஆர் மாமன்?” அம்மா செம்பைக் கீழே வைக்கவில்லை. “அவர் எங்களுக்கு இரத்தமோ?”

“என்ர தலையில அறுகு வைச்சவர்.”

“அது அந்த ஒரு நாளுக்கு.”

சாருஜா பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்றுதான் வீட்டில் எடுத்துக்கொள்வார்கள்.

ஞாயிறு காலை எல்லாரோடும் காரில் போனாள். கோவில் வேறொரு ஊரில், ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் இருந்தது. அம்மா உள்ளே போக, சாருஜா வீதியின் மறுபக்கத்தில் பஸ் தரிப்பிடத்துக்கு அருகே நின்றுகொண்டாள். பட்டுச் சேலைகளும் வேட்டிகளும் அவளைக் கடந்து போயின. மேளம் உள்ளே கேட்டது. அம்மாவின் சிநேகிதி ஞானம்மா வீதியைக் கடந்து வந்து, ஏன் பிள்ளை வெளியில் நிற்கிறாய் என்று கேட்டார்.

“துடக்கு, ஆன்ரி.”

ஞானம்மா குரலைத் தாழ்த்தினார். “இண்டைக்கெண்டு பார்த்து வந்திட்டுதோ. சரி, அங்கால நிழலில போய் நில்.”

அதோடு விட்டிருக்கலாம். மாதவிலக்கென்று நினைத்துக்கொண்டு அவர் போயிருப்பார், அம்மாவும் சனத்தின் வாயிலிருந்து தப்பியிருப்பார். சாருஜா ஒருமுறை கோவில் வாசலைப் பார்த்தாள்.

“அது இல்லை, ஆன்ரி. செத்தவீட்டுத் துடக்கு. மாமா செத்திட்டார்.”

“குலேந்திரனோ?” ஞானம்மா நெஞ்சில் கையை வைத்தார். பக்கத்தில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

“இல்லை. அவர் சுகமா இருக்கிறார். இது பீலில இருந்த மாமா. தவராஜா மாமா.”

“ஆர், அந்த வாடகை...” ஞானம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“ஓம். அவர்தான் என்ர மாமா.”

ஞானம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு வீதியைக் கடந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தேர் வெளியே வந்தது. தேருக்குப் பின்னால் அம்மா பாற்செம்பைத் தன்னுடைய தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்துவந்தார். பஸ் தரிப்பிடத்தைத் தாண்டும்போது சாருஜாவைப் பார்த்தார், நிற்கவில்லை. சாருஜா நின்ற இடத்திலிருந்தே கைகூப்பினாள். தேர் திரும்பும்வரை அந்தப் பக்கத்தில் அவள் மட்டும்தான் நின்றாள்.

காரில் வீடு திரும்பினார்கள். சோலோத்தூர்ன் நகரைத் தாண்டியபிறகு அம்மா முன் இருக்கையிலிருந்து, திரும்பாமல், “இண்டையோட மூண்டு நாள். நாளைக்கு வெள்ளண எழும்பித் தலைமுழுகு” என்றார்.

சாருஜா ஓம் என்றாள். வெளியே வயல்களில் வெயில் மஞ்சளாகக் கிடந்தது. அவள் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன நாளை நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் சுவிஸ்காரர் ஒருவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். தவராஜா அன்று அதிகம் கதைக்கவில்லை. நேரம் முடிந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு, “போட்டு வாறன்” என்று விடைபெற்றுக் கதவடிக்குப் போனாள். பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார்.

“பிள்ளை, அதை வெறுமனே சொல்லாதை. கடைசியில மாமாவையும் சேர்த்துச் சொல்லு. கொஞ்சம் பலமாச் சொல்லு. அந்தாள் சிரிச்சால் சிரிக்கட்டும்.”