பன்றிக்கு வளர்ந்த ஈரல்

ஒரகடத்தில், கார் பாகம் செய்யும் கம்பெனிகளுக்கு நடுவே ஓர் ஆய்வுக்கூடம். அங்கே சோதனைப் பன்றிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாங்கள் குடியிருக்கும் பிள்ளைப்பாக்கத்தில் யாராவது கேட்டால் "மருந்து கம்பெனி" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன். பன்றி என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், யாரால் பதில் சொல்ல முடியும்?

என் வீட்டுக்காரருக்கு ஈரலில் கட்டி. இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் வெல்டிங் லைனில் நின்ற மனுஷன். கட்டி உள்ள வலது பக்கத்தை எடுத்துவிடலாம், ஆனால் மிஞ்சும் இடது பக்கம் போதாது என்றார்கள். வலது பக்கத்துக்கு ரத்தம் போகும் குழாயை அடைத்தால் இடது பக்கம் வளருமாம். அடைத்தார்கள். ஒரு மாதம் காத்திருந்தோம். வளரவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கோங்கம்மா" என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்காரரிடம் மட்டும், வளர நாளாகும், அதுவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள் என்றேன்.

அதே வாரம் எங்கள் கூடத்தில் ஒரு பன்றிக்கு இதையே செய்து, இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஈரலின் வலது பக்கத்துக்குள் வரும் குழாயோடு, அங்கிருந்து வெளியே போகும் குழாயையும் புது முறையில் அடைத்தார்கள். அதை வீட்டில் சொன்னது என் தப்பு. தினமும் அதே கேள்வி.

"இன்னாடி, உன் பன்னி எப்டி கீது?"

"உன்னவிட நல்லா துன்னுதுய்யா."

அவர் சிரிப்பார். எனக்கோ அந்தப் பன்றியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வாயில்லா ஜீவன்மேல் பொறாமைப்பட்டேன், போதுமா?

மூன்றாம் வாரம் பன்றிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கம் நன்றாக வளர்ந்திருந்தது. ஆய்வு செய்யும் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இதையே எங்க வூட்டுக்காரருக்கும் பண்ணுங்க மேடம். கால்ல வேணா வுழறேன்."

"இன்னும் நிறைய சோதனை இருக்கும்மா. மனுஷங்களுக்கு வர வருஷக்கணக்காகும்."

என் வீட்டுக்காரருக்கு மாதக்கணக்கில்கூட நாள் இல்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று ஆத்திரமாக வந்தது.

மறுநாள் பன்றியை நான்தான் கழுவி ஓட்டிக்கொண்டு போனேன். மயக்க ஊசி போட்டு, அப்படியே உயிரை முடித்து, ஈரலை எடுத்து எடை போட்டார்கள். சோதனை என்றால் அதுதான் முடிவு.

சாயங்காலம் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே கேட்டார். "வளந்துச்சா?"

"வளந்துச்சுய்யா. நல்லாவே."

அவர் முகம் மலர்ந்துபோனது. "அப்போ அதையும் என்ன மாதிரி வூட்டுக்கு அனுப்பிட்டாங்களா?"

"அனுப்பிட்டாங்க" என்றேன்.

அன்றைக்கு அவர் இரண்டு தோசை சாப்பிட்டார்.