மஞ்சள் கைகள்

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்தது எங்கள் சாயப்பட்டறை. முதலாளி வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வருவார். சாயம் தெறிக்காத தூரம் பார்த்துக் கதிரையைப் போட்டு இருப்பார். அத்தனை காலம் சாயத் தொழில் நடத்திய மனிதரின் நகக்கண்ணில் ஒரு பொட்டு நிறம் பட்டு நான் கண்டதில்லை.

நிலாவெளி ஹோட்டல்களுக்குத் திரைச்சீலை செய்தோம். மேடும் பள்ளமுமாக நெய்த தடித்த கைத்தறித் துணி அது. பள்ளத்தில் சாயம் தேங்கி அடர்ந்து நிற்கும், மேட்டில் வெளிறும். சண்டையால் ஹோட்டல் அறைகள் பூட்டிக் கிடந்த காலத்திலும், "இன்னும் பளிச்செண்டு வரவேணும்" என்று கதிரையில் இருந்தபடியே சொல்லுவார்.

மஞ்சள் பீப்பாவில் வேலைக்கு நின்ற அண்ணை கிளிவெட்டியில் வயலை விட்டுவிட்டு இடம்பெயர்ந்து வந்தவர். அவருடைய மனைவியும், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், நானும் சிவப்பில் நின்றோம். கையுறை கேட்டோம். "கழுவினால் போகும்தானே" என்றார் முதலாளி. கழுவினால் போகாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போன அண்ணையைச் சென்றியில், வீதியோரக் காவலரணில், ஆமிக்காரர் மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தவன் பிறகு கையைப் பார்த்திருக்கிறான். முழங்கை வரை மஞ்சள். வெடிமருந்துக் கறை என்று உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சென்றிக்கு எதிரே இருந்த பழக்கடைக்காரர் ஓடிவந்து எங்களிடம் சொன்னார்.

அக்கா அழுதுகொண்டு முதலாளியின் முன்னால் போய் நின்றா.

"ஐயா, நீங்கள் ஒருக்கா வந்து உங்கட வேலையாள் எண்டு சொன்னால் காணும்."

"எனக்கு ஏலாது பிள்ளை. நாளைக்கு என்னையும் பிடிப்பாங்கள்."

பயம் எங்களுக்கும் இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன். அவர் பீப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப மஞ்சளுக்கு இனி ஆர் நிக்கிறது?" என்று கேட்டார்.

நான் பீப்பாவுக்குள் கிடந்த திரைச்சீலையை அப்படியே இழுத்து வாளியில் போட்டேன். "துணி பழுதாகப் போகுது!" என்று பின்னால் கத்தினார். நானும் அக்காவும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். சென்றி வரைக்கும் வீதியில் மஞ்சள் சொட்டிக்கொண்டே போனது.

காவலில் நின்றவன் துவக்கை நீட்டினான். நானும் அக்காவும் சிவந்த கைகளை நீட்டினோம். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் துணி, சாயம், ஹோட்டல் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தான். வாளிக்குள் விரலை விட்டு மணந்து பார்த்தான். தன் விரல் மஞ்சளானதும் காற்சட்டையில் தேய்த்தான், போகவில்லை. எங்களை வெயிலில் நிற்கவிட்டு உள்ளே போனான். பின்னேரம் அண்ணையை வெளியே விட்டார்கள். கன்னம் வீங்கியிருந்தது. அக்கா சேலைத் தலைப்பால் அவருடைய வாயைத் துடைத்தா.

அடுத்த நாள் காலை முதலாளி பட்டறை நடுவில் நின்று, "நான் போன் எடுத்துக் கதைச்சபடியால்தான் விட்டவங்கள்" என்றார்.

"முதலாளி, ஊரிலயே ஒரு கிழமையாப் போன் வேலை செய்யேல்லையே" என்றேன்.

அண்ணை குனிந்து சாயத்தைக் கிண்டினார். அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், வேறு வேலை இருக்கவில்லை. முதலாளி என்னைப் பாராமல், வீணாய்ப்போன திரைச்சீலையை என்ன செய்வது என்று கேட்டார். "நீங்களே கட்டிக்கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பிறகு அந்தப் படலையைத் திறக்கவில்லை.

சில வருடம் கழித்து, கொழும்பில் ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டேன். அதே வெள்ளை. சுற்றி நாலு பேரை இருத்தி, "ஆமிக்காரனுக்கு முன்னால நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன் எடுத்த கதை அதற்குள் நேரில் போன கதையாக வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. "சுகமா பிள்ளை?" என்று இளித்தார்.

"நீங்கள் சொல்லி முடியுங்கோ" என்று எதிரே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அவருக்கு உடனே பசி வந்துவிட்டது. பந்திக்கு எழும்பிப் போனார்.