அருந்ததிக்குப் பக்கத்தில் இரண்டு

குரங்கணிக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது வலது செருப்பின் வார் அறுந்தது. ஏலச்செடியின் தட்டையில் நார் உரித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். மேலே ஏலத்தோட்டத்தில் நான்கு மாதம் கவாத்து வேலை. அன்று காலைதான் கணக்கை முடித்துக்கொண்டு இறங்கியிருந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஓரிடத்தில் நான்கு மாதம் என்பதே எனக்கு அதிகம்.

மாலை நாலரைக்குக் குரங்கணி. சித்திரைக் கடைசி. வெடித்த இலவங்காயிலிருந்து பஞ்சு பறந்து காப்பிச் செடிகளின் மேல் படிந்திருந்தது. போடிக்கு இங்கிருந்து பதினாறு கிலோமீட்டர். பஸ்சுக்காக நின்றபோது செல்வராசு அண்ணனின் ஜீப்பு வந்தது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பு. நான்கு மாதம் முன்பு என்னை மேலே கொண்டு விட்டவரும் அவர்தான்.

"என்ன தம்பி, அங்கயும் தரிக்கலையா?"

"குளிருண்ணே."

"குளிராவது ஒண்ணாவது. ஒனக்குக் காலு அரிக்கும். சரி, ஏறு. நாளைக்கு ஒரு சோலி இருக்கு. கண்ணாடி தேய்க்கணும்."

ஜீப்பின் கண்ணாடி என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

அவர் வீடு போடி ஊர்க் கடைசியில், மாந்தோப்பை ஒட்டி இருந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள் மதினி கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். சாப்பிட்ட பிறகு அண்ணன் ஒரு துணிப் பொதியைப் பிரித்துக் காட்டினார். ஆறு அங்குல அகலத்தில் ஒரு தடித்த கண்ணாடி வட்டம். நடுவில் சட்டியைப் போல் குழி. ஆனால் விரலால் தடவினாலும் தெரியாத அளவு லேசான குழி. ஜீப்பில் வந்த யாரோ மலை உச்சியில் தொலைநோக்கியில் சனியைக் காட்டினார்களாம். அன்றிலிருந்து சொந்தமாக ஒன்று செய்துவிடுகிற பைத்தியம். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கணவனும் மனைவியும் தை மாதத்திலிருந்து இதைத் தேய்த்திருக்கிறார்கள்.

"குழி ஒரே சீரா இருந்தா, வர்ற வெளிச்சம் மொத்தமும் ஒரு புள்ளியில கூடும்," என்றார். "மயிருல நூத்துல ஒரு பங்கு மேடு இருந்தாலும் போச்சு. வெளிச்சம் செதறும். நிலாவுல குழி தெரியாது, சனிக்கு வளையம் தெரியாது. எல்லாம் கொழகொழன்னு ஒட்டிக்கிரும்."

"இது எப்படி வந்திருக்குண்ணே?"

அவர் கண்ணாடியைத் துணியில் மறுபடி சுற்றினார். மதினி சொன்னார்.

"நான் கெடுத்துட்டேன் தம்பி. பங்குனியில பார்த்தப்ப நட்சத்திரம் பூசணிப்பூ மாதிரி விரிஞ்சு தெரிஞ்சுச்சு. ஆனா ஒண்ணுதான். இவுக சவாரி போயிருந்த பத்து நாளும் நான்தான் கடைசி மெருகு போட்டேன். நேத்துப் பார்த்தா, அதே நட்சத்திரம் ரெண்டா தெரியுது."

"அவ கெடுக்கல. ஆரம்பத்துல நான்தான் அமுக்கித் தேய்ச்சேன்."

"இப்படித்தான் ராத்திரி பூராச் சொல்றாக. சோறு எறங்கல."

நேற்று அந்த ஒரு நட்சத்திரத்தைப் பார்த்ததோடு மேகம் மூடிவிட்டதாம். நாளை மறுபடி மணலைப் போட்டு முதலிலிருந்து தேய்க்கப் போகிறார்கள். மதினியின் தோள் வீங்கியிருந்தது. அதனால்தான் எனக்கு வேலை.

எட்டு மணிக்கு வானம் திறந்தது. அட்டைக் குழாயைத் தோப்பு ஓரத்தில் நிறுத்தி, கண்ணாடியை அடியில் பொருத்தினார்கள். வெள்ளிப்பூச்சு ஏறாத வெறும் கண்ணாடிதான். பளிச்சென்ற நட்சத்திரங்களை மட்டும் காட்டும். வடக்கே, அருந்ததிக்குப் பக்கத்தில் இருக்கும் அதே பெரிய நட்சத்திரத்துக்கு அண்ணன் குழாயைத் திருப்பினார்.

"கல்யாணத்தன்னைக்கு உச்சி வெயில்ல அருந்ததியக் காட்டுனாக," என்றார் மதினி. "தெரியுதான்னு கேட்டாக. பசி. தெரியுதுன்னுட்டேன்."

"நானும் அதான் சொன்னேன்," என்றார் அண்ணன்.

என்னைப் பார்க்கச் சொன்னார். பெரிய புள்ளி ஒன்று, அதை ஒட்டிச் சின்னப் புள்ளி ஒன்று. இரண்டும் ஊசி முனை போல் இருந்தன. கெட்டுப்போனது இவ்வளவு அழகாக இருக்குமா என்று தோன்றியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வானம் நகர நகரக் குழாயையும் மெல்லத் தள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு புள்ளிகளும் ஓரத்துக்குப் போய் மறைந்தன. எதிர் ஓரத்திலிருந்து வேறொன்று வந்தது.

"அண்ணே, இப்ப ஒண்ணுதான் இருக்கு."

"தள்ளாம நின்னுட்டியா? நகரு." குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. "இது அருந்ததி," என்றார். "பேச்சி, வெரசா வா. ஒத்தையா நிக்கிது."

கண்ணாடி கோணலாக இருந்தால் எல்லா நட்சத்திரத்தையும் அல்லவா இரண்டாகக் காட்ட வேண்டும்? குழாயை ஒவ்வொரு நட்சத்திரமாகத் திருப்பினார். மற்றவை எல்லாம் ஒற்றை. பெரியதற்குத் திரும்பினால் மட்டும் இரண்டு. அது வானத்திலேயே இரண்டுதான். பங்குனியில் கண்ணாடி மோசமாக இருந்ததால் இரண்டும் கலங்கி ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. மதினி போட்ட மெருகுதான் அவற்றைப் பிரித்திருக்கிறது.

மதினி வெகுநேரம் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அருந்ததி பாவம், தனியா நிக்கிறா. அவ வீட்டுக்காரருதான் இன்னொண்ணக் கூட்டியாந்துட்டாரு. இதக் காட்டித்தான் எனக்குத் தாலி கட்டுனீகளாக்கும்?"

அண்ணன் சிரித்தபடி மதினியின் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் போர்வையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் படுக்கப் போனேன்.

காலையில் தேய்க்கிற வேலை இல்லை. வேறு வேலை இருந்தது. அண்ணனுக்கு மாங்காய் லோடு. மதுரைப் பட்டறைக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய், பூச்சு போட்டு வாங்கி வர ஆள் வேண்டும். மதினி அதை இலவம்பஞ்சில் பொதிந்து, அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி, என் கையில் கொடுத்தார். செருப்பையும் தைத்து வைத்திருந்தார்.

"நீயே திரும்பிக் கொண்டா தம்பி. யார்கிட்டயும் குடுத்துவிடாத."

போன இடத்துக்கு நான் திரும்பியதில்லை என்பது அவருக்குத் தெரியும். சரி மதினி என்றேன்.

போடியில் மதுரை பஸ்சு. கண்டக்டர் பெட்டியை மேலே போடச் சொன்னார்.

"மடியிலயே இருக்கட்டும்ண்ணே."

"ஏன், உள்ள என்ன முட்டையா?"

"கண்ணாடி. மதினி தேய்ச்சது."

தேனி தாண்டும்போது கை மரத்துப்போயிருந்தது. நான் இறக்கி வைக்கவில்லை.