சாவியம்மாவும் நாற்பத்தாறு பொந்துகளும்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஒலிபெருக்கி விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்க இந்த வட்டாரத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. ஒரே ஒரு குழாய் ஒலிபெருக்கியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு தொழிலுக்கு வந்தவன், இன்று மூன்று லாரி நிறையப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். எவரும் தூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அப்பேர்ப்பட்ட என் காதையே டிக்கெட் கிழிக்கிற ஒரு பெண்மணி பிடித்துத் திருகிய கதையைத்தான் எழுதப் போகிறேன். திருகியது சரிதான் என்று ஒப்புக்கொள்ளவும் ஒரு தெம்பு வேண்டும். அது எனக்கு உண்டு.

எங்கள் பக்கம் வந்தால் பார்க்க ஐந்து இடங்கள் இருக்கின்றன. குன்றின்மேல் பாதிச் சுவரோடு நிற்கிற கோட்டை, ஆற்றுப் பாலம், பாலத்தடியில் சுங்கச்சாவடி, ஒரு பழைய சிறை. கடைசியாக, வயல்களுக்கு நடுவே சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கல் களஞ்சியம். மற்ற நாலு இடத்துக்கும் மக்கள் பார்க்க வருவார்கள். களஞ்சியத்துக்குக் கேட்க வருவார்கள். சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு அங்கே கச்சேரி. ஒலி அமைப்பு, தொடங்கிய நாளிலிருந்து அடியேன்தான்.

அந்தக் களஞ்சியத்தைத் திறந்து, பெருக்கி, டிக்கெட் கொடுத்து, பூட்டுகிறவர்தான் சாவியம்மா. ஒரு முழம் நீளச் சாவியை இடுப்பில் செருகியிருப்பதால் வந்த பெயர். வாசலை ஒட்டி இரண்டு அறை வீடு, வேலையோடு சேர்த்துக் கொடுத்தது. வீட்டுக்காரர் தரைக்கு டைல்ஸ் ஒட்டியவர். குனிந்து குனிந்து முதுகு போய், இப்போது வீட்டிலேயே தையல் மெஷின் ஓட்டுகிறார். மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம்.

சாவியம்மாவிடம் ஒரு விசித்திரப் பழக்கம். பார்க்க வருகிறவர்கள் ஏதாவது கேட்டு, அதற்குப் பதில் தெரியவில்லை என்றால், மற்ற இடங்களில் இருக்கிறவர்களைப் போல ராஜா ராணிக் கதை அளந்து விடமாட்டார். "தெரியலைங்க. எழுதி வச்சுக்கிறேன்" என்று தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். பதினொரு வருடத்தில் நாலு நோட்டு.

"அதை வச்சு என்னம்மா செய்யப் போற, பரீட்சை எழுதப் போறியா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"கேட்டவங்க மறந்துடுவாங்க அண்ணே. கேள்வி இங்கயேதானே கிடக்கு? அதை யாராவது பார்த்துக்க வேண்டாமா?" என்றார். கேள்வியை ஏதோ அநாதைப் பிள்ளை மாதிரி பேசுகிறாரே என்று அன்று சிரித்துவிட்டேன்.

போன வருடம் முழுக்க அந்தக் களஞ்சியம் எங்கள் மானத்தை வாங்கியது. பாடினால் ஒரு வார்த்தை புரியவில்லை. தாழ்ந்த குரலில் பாடுகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம். பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி 'ஙொம்' என்று ஒரே இரைச்சல். நான் விடுவேனா? ஆறு பெட்டியை எட்டாக்கினேன், எட்டைப் பன்னிரண்டாக்கினேன். இரைச்சலும் பன்னிரண்டு மடங்கானது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பாடகர் பாதியில் எழுந்து, "இங்க பாடுறதுக்கு நான் கிணத்துக்குள்ள இறங்கிப் பாடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் தேய்ந்துபோனது.

கடைசியில் சுற்றுலா அலுவலகத்திலிருந்து இளம் அதிகாரி ஒருவர் காகிதத்தோடு வந்தார். அடுத்த மாதம் முதல் கச்சேரிகள் டவுனில் கட்டிய புது மண்டபத்துக்கு மாறும். களஞ்சியம் பூட்டிக் கிடக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் திறப்பார்கள். சாவியம்மாவுக்குக் கோட்டையில் வேலை. நாற்பது மைல் தூரம், அங்கே வீடு கிடையாது.

"பொண்ணு பள்ளிக்கூடம் முடிக்கட்டும் சார், ஒரு எட்டு மாசம்" என்றார் சாவியம்மா.

"என் கையில இல்லம்மா. இந்தக் கட்டடத்துல பாட்டு எடுபடல. கூட்டம் இல்லாத இடத்துக்கு ஆள் எதுக்குன்னு மேல கேக்கிறாங்க."

எனக்கு அதில் நஷ்டம் இல்லை. புது மண்டபத்துக்கு இருபது பெட்டி வேண்டும் என்று என்னிடம்தான் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் நான் வாயை மூடிக்கொண்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சாவியம்மா நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்கக் கூடாது. தினம் சாயங்காலம் பூட்டுறதுக்கு முன்னாடி 'உள்ள யாராவது இருக்கீங்களா'ன்னு நான் ஒரு சத்தம் குடுப்பேன், தெரியும்ல?"

தெரியும். எப்போதோ ஒருவரைத் தெரியாமல் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்களாம். அதிலிருந்து அது சட்டம்.

"முன்னெல்லாம் அந்தச் சத்தம் போய் முட்டி, சுத்தமா திரும்பி வரும். இப்ப வாயில எதையோ போட்டு மென்னுக்கிட்டே பதில் சொல்ற மாதிரி வருது. நீங்க பெட்டி வைக்காத நாள்லயும் அப்படித்தான் வருது."

"தங்கச்சி, நாப்பது வருஷமா சத்தத்தோட குடும்பம் நடத்துறவன் நான். கல்லு அதேதான், கூரை அதேதான். உன் காதுக்கு வயசாயிடுச்சு."

அவர் கோபப்படவில்லை. நாலாவது நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். 'பாட்டு ஏன் புரியவில்லை?' என்று ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தது. அந்தக் கேள்வி நோட்டில் ஏறியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வாராவாரம் அதே கேள்வி. அதற்கு முன்னால் பத்து வருடத்து நோட்டுகளில் ஒரு தடவைகூட இல்லை. முதல் கேள்விக்கு மேல்வரியில், மூன்று நாள் முந்தைய தேதியில், வேறொன்று இருந்தது: 'புறாக்கள் இனி எங்கே போகும்?'

படித்தேன். என் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தக் கூரைக்குக் கீழே சுவரைச் சுற்றி நாற்பத்தாறு வட்டப் பொந்துகள் உண்டு. வெளியே பலகையில் 'புறா மாடங்கள்' என்று எழுதியிருக்கிறது. புறாக்களும் அந்தப் பலகையைப் படித்தவை மாதிரியே வந்து குடியிருந்தன. போன வருடத் தொடக்கத்தில் ஒரு பாடகியின் பாட்டை அங்கே பதிவு செய்ய வந்தார்கள். அவர் மூச்சை இழுத்தால் புறா குமுறும், அவர் நிறுத்தினால் புறா தொடங்கும். நான்தான் ஏணி போட்டு, முதலில் பறவைகளை விரட்டி, எல்லாப் பொந்திலும் கோணியைச் சுருட்டித் திணித்து அடைத்தவன். பதிவு பிரமாதமாக வந்தது என்று பாராட்டுக்கூட வாங்கினேன். பாடகியின் வாயை ஒட்டி மைக் வைத்திருந்ததால், கூடம் என்ன ஆனது என்று எவருக்கும் தெரியவில்லை. கோணியை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. சுத்தமாக இருக்கிறது என்று அலுவலகமும் விட்டுவிட்டது.

"ஓட்டையை அடைச்சா சத்தம் எப்படிம்மா கெடும்? ஓட்டைதானே சத்தத்தைக் கெடுக்கும்?" என்றேன். நிஜமாகவே எனக்குப் புரியவில்லை.

"எனக்கு மட்டும் தெரியுமா? எடுத்துத்தான் பார்ப்போமே. உங்க ஏணிதானே நீளம்?"

சும்மா பிடுங்கிப் போட்டால் அதிகாரி நம்பமாட்டார் என்று அவரையும் கூப்பிடச் சொன்னார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். டவுனில் பேருந்து ஓட்டுகிறவர் ஒருவர், கச்சேரிகளில் பாடுகிறவர், இடிமாதிரிக் கனத்த குரல். அவரையும் சாவியம்மாவே பிடித்து வந்திருந்தார். ஒலிபெருக்கி ஒன்றுகூட இல்லை. என் வாழ்க்கையில் பெட்டி இல்லாமல் நான் ஒரு கச்சேரிக்குப் போனது அதுதான் முதல் தடவை. சட்டை போடாமல் போன மாதிரி இருந்தது.

அதிகாரியைக் கடைசி வரிசையில், சுவரைப் பார்க்கத் திருப்பி உட்கார வைத்தார் சாவியம்மா.

"எதுக்கும்மா என்னைப் பள்ளிக்கூடத்துல தண்டனை குடுத்த மாதிரி உக்கார வைக்கிறீங்க?"

"நாங்க எத்தனை எடுத்தோம்னு நீங்க பார்க்கக் கூடாது சார். பாட்டுல எத்தனை வார்த்தை புரிஞ்சுதுன்னு மட்டும் விரல் விட்டுச் சொல்லுங்க."

ஓட்டுநர் ஒரு பாட்டில் நாலு வரியைப் பாடினார். "ஒண்ணுமே புரியல. ஏதோ ஆறுன்னு காதுல விழுந்துச்சு" என்றார் அதிகாரி. நான் ஏறிப் பத்துப் பொந்தைத் திறந்தேன். ஓட்டுநர் அதே வரிகளைத் திரும்பப் பாடினார், பெரிய மாற்றமில்லை. என் மனசு இரண்டாகக் கிடந்தது. சாவியம்மாவின் யூகம் பொய்யாகிவிட்டால் என் கோணி தப்பிக்கும். இந்தம்மா மூட்டை கட்ட வேண்டும். இருபதாவதில் அதிகாரி தலையைச் சாய்த்தார். முப்பதாவது பொந்தில் கோணி சிக்கிக்கொண்டு வரவில்லை. கையை உள்ளே விட்டேன். வாய்தான் சின்னது, உள்ளே வயிறு பெருத்து வழுவழுவென்று போய்க்கொண்டே இருந்தது.

"தங்கச்சி! இது பொந்து இல்ல, பானை! சுவத்துக்குள்ள பானையைப் படுக்க வச்சுக் கட்டியிருக்கான்!"

"உடைச்சுடாதீங்க அண்ணே!" என்று கீழேயிருந்து கத்தினார். அந்தக் கத்தல் போய் முட்டி, 'அண்ணே' என்று அப்பழுக்கில்லாமல் திரும்பி வந்தது.

மிச்சத்தையும் நான் எடுத்து முடித்ததும் ஓட்டுநர் பாடினார். அதிகாரி சுவரைப் பார்த்தபடியே நாலு வரியையும் திருப்பிச் சொன்னார். பிறகு எழுந்து என்னிடம் வந்து, "யாருங்க இதை அடைச்சது?" என்றார். நழுவியிருக்கலாம். "நான்தான். அடைச்சதும் நானே, திறந்ததும் நானே" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பன்னிரண்டு பெட்டி வேண்டாம், ஓரமாக இரண்டு போதும் என்றும் சொன்னேன். புது மண்டபத்து இருபது பெட்டி அத்தோடு என் கையைவிட்டுப் போனது. போகட்டும்.

வெறும் காற்றடைத்த பானை அந்த இரைச்சலை எப்படி விழுங்குகிறது என்று இன்றைக்கு வரை என்னால் பிடிக்க முடியவில்லை. வீட்டில் காலிக் குடத்தின் வாயில் காதை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனைவி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அதிகாரி அன்றே வாசல் மேசையில் உட்கார்ந்து, இன்னும் ஒரு வருடம் கச்சேரி இங்கேயே நடக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புறா நுழையாமல் பானை வாயில் மெல்லிய வலை கட்டவும் எழுதினார். சாவியம்மாவின் மாற்றல் காகிதத்தை இரண்டாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குள் தையல் மெஷின் சத்தம் நின்றது, வீட்டுக்காரர் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"பலகையை மாத்திடலாம்மா. 'சங்கீதத்துக்காகப் பானை பதித்துக் கட்டிய அரிய களஞ்சியம்'னு போட்டா கூட்டம் அள்ளும்" என்றார் அதிகாரி உற்சாகமாக.

சாவியம்மா கண்ணைத் துடைத்த கையோடு கேட்டார்: "தானியம் கொட்டி வைக்கிற இடத்துல பாட்டு எதுக்கு சார்? சங்கீதத்துக்காகத்தான் கட்டினாங்கன்னா, இது களஞ்சியம்தான்னு யார் சொன்னது?"

அதிகாரி பேனாவை மூடவில்லை. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"தெரியலையேம்மா" என்றார் கடைசியில்.

"அப்ப பலகையில அதையே எழுதுங்க" என்றார் சாவியம்மா.